டிசம்பர்த் தகடுகள்

செங்கல்பட்டு
6 ஜனவரி 2026

அன்புள்ள ஹம்ஸி,

உன் அம்மா சௌக்கியம். இதை முதல் வரியில் எழுதிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். கண் அழுத்தம் குறைந்திருக்கிறது. சொட்டு மருந்தை மட்டும் நான் போய் எதிரில் நின்றால்தான் போட்டுக்கொள்கிறார். கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் வேதாசலம் நகரில் இறங்கி, ஒரு வாய் காப்பி, கண்ணுக்கு ஒரு சொட்டு, உன்னைப் பற்றி ஒரு புகார். என் மாலைகள் இப்படித்தான் போகின்றன.

நேற்று திடீரென்று, "அவ அங்க என்னதான்டி வேலை பார்க்கறா? கேட்டா இங்கிலீஷ்ல என்னமோ சொல்றா" என்றார். சொல்லிப் பார்த்தேன். கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசு என்று ஓடு உள்ள ஒரு சின்னப் பிராணி ஒட்டும், கல் மாதிரி. ஒட்டினால் கப்பல் இழுபடும், எண்ணெய் அதிகம் குடிக்கும். அது ஒட்டாமல் இருக்க, மீனுக்குக் கெடுதல் செய்யாத ஒரு பூச்சை ஆன்ட்வெர்ப்பில் ஒரு கம்பெனி செய்திருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவின் பொதுப் பணம் வருகிறது. பணத்துக்கு விண்ணப்பம் எழுதுவது ஹம்ஸி. பூச்சு பூசிய தகடுகளைக் கோவளத்துக் கடலில் தொங்கவிட்டுப் பார்ப்பது நான். அங்கே குளிர்ந்த தண்ணீரில் ஒரு வருஷம் ஒட்டுவது இங்கே சில மாதங்களில் ஒட்டிவிடும், அதனால்தான் நான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கப்பலுக்கு வர்ணம் அடிக்கவா ரெண்டு பேரும் எம்.எஸ்ஸி. படிச்சேள்?" என்றார்.

இந்த வருஷம் மழை உனக்கு நினைவிருக்கிற மழை இல்லை. கொளவாய் ஏரி ரயிலடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கோவளத்தில் நம் தகடுகள் தொங்கும் மிதவையைப் பார்த்துக்கொள்ளும் சடையன், டிசம்பர்த் தகடுகளைத் தூக்கியபோது ஒரே குஷி. "இன்னா டீச்சர், இந்த வாட்டி தகடு அல்லாம் பாலீஷு போட்டா மாரி கீது! சொரண்டற வேலையே இல்ல. அதுக்குன்னு கூலியில கைய வெச்சிடாதீங்க." நீ அவசரமாகக் கேட்ட படங்களை அலுவலக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆனால் நம் கடிதத்தில் வேலை பேசக்கூடாது என்பது இருபது வருஷமாக நீ வைத்திருக்கும் சட்டம். ஏற்கெனவே பாதிக் கடிதம் மீறிவிட்டேன். மார்ச் அறிக்கையில் முறையாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். இப்போது நீ பணம் கேட்டு எழுதும் இரண்டாம் கட்டத்தில் எங்கள் கல்லூரியும் இருக்கிறதுதானே? எங்கள் தாளாளர் தீனதயாளன் கல்லூரி வாசலில் ஐரோப்பிய நட்சத்திரக் கொடி போட்ட பலகையே வைத்துவிட்டார். ரஞ்சிதா, சடையனின் பெண், என் ஆய்வகத்தில் இருப்பவள், அந்தப் பணத்தை நம்பித்தான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யக் காத்திருக்கிறாள். எனக்கும், ஹம்ஸி, நாற்பத்தாறு வயதில் இதைவிட்டால் வேறு ஆய்வு கிடையாது. வகுப்பும் விடைத்தாளும்தான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு நட.

உன்
ருக்கு


பிரஸ்ஸல்ஸ்
25 ஜனவரி 2026

ருக்குச் செல்லமே,

கடிதம் வந்த அன்று இங்கே பனி. உறையில் செங்கல்பட்டு முத்திரையைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு நடைபாதையிலேயே பிரித்துப் படித்தேன். அம்மா கேட்ட கேள்வியை அலுவலகத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சட்டத்தை நானும் கொஞ்சம் மீறுகிறேன், ஏனென்றால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் படம் போன வாரம் பெரிய திரையில் ஏறியது! ஆன்ட்வெர்ப் ஆட்கள், ஆலோசகர்கள், இரண்டு அமைச்சகங்களின் அதிகாரிகள், எல்லோர் முன்னிலையிலும். வாரக்கணக்கில் வெப்பக் கடலில் கிடந்த தகடு, கண்ணாடி மாதிரி. கைதட்டினார்கள், ருக்கு. நீ அனுப்பியதில் பக்கத்தில் இன்னொரு தகடும் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் ஒன்றை வெட்டிவிட்டேன், படம் எடுப்பாக இருக்கட்டும் என்று.

இங்கே காற்று மாறிவிட்டது. நாம் தொடங்கிய காலத்தில் விண்ணப்பம் முழுக்க "உலகத்தின் கடல்கள்", "பகிர்ந்த அறிவு" என்றெல்லாம் எழுதுவேன். இப்போது ஒரே சொல்தான், போட்டித்திறன். சீனா கப்பல் கட்டுகிறது, அமெரிக்கா கதவைச் சாத்துகிறது, இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. நம் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததை அடுத்தவன் ஏன் தயாரித்து நமக்கே விற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தவறு என்று சொல்ல முடியுமா? ஆய்வுக்கூடத்தில் பிறந்தது இந்த மண்ணிலேயே தொழிற்சாலையாக வேண்டும். நான் எழுதும் ஒவ்வொரு பக்கமும் அங்கே போய்த்தான் முடிய வேண்டும்.

அதனால் இரண்டு விஷயம் அவசரம். முதல் கட்ட முடிவுகளை எல்லாப் பங்காளிகளும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒரு தாள் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பு. பூச்சு பூசிய தகடுகளில் எத்தனை கொட்டலசு என்ற கணக்கையும் அனுப்பு. பூசியவை மட்டும் போதும், நீளமாக வேண்டாம், இங்கே யாருக்கும் படிக்க நேரமில்லை.

கவலையே படாதே. நான் இருக்கிறேன்.

முத்தங்களுடன்
ஹம்ஸி


செங்கல்பட்டு
11 பிப்ரவரி 2026

அன்புள்ள ஹம்ஸி,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கணக்கும் போயிருக்கும், நீ கேட்டபடி பூசியவை மட்டும். தாளாளர் மேசையில் முத்திரை குத்தும்போது, "மேடம், கொடி பலகைக்கு லைட்டு போட்டுடலாமா?" என்று கேட்டார். போடட்டும் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

நீ வெட்டிய படத்தைப் பற்றி உன்னிடம் வாயால் பேச வேண்டும். தாளில் வேண்டாம். பத்து நிமிடம் கொடு. போன ஞாயிறும் முந்தின ஞாயிறும் கூப்பிட்டேன். கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அம்மாவிடம் மட்டும் எப்படியோ பேசிவிடுகிறாய். நான் எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தும், "ருக்குகிட்ட அப்புறம் பேசறேன்னு சொல்லும்மா" என்கிறாய். அந்த 'அப்புறம்' எப்போது வரும்?

கோபமில்லை. கொஞ்சம் கோபம்தான்.

சனிக்கிழமை கோவளம் போயிருந்தேன். ரஞ்சிதாவும் நானும் புதுத் தகடுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா சாந்தா மீன் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், நான் கேட்கவேண்டும் என்றே சத்தமாக: "வெள்ளக்காரன் டப்பு குடுத்து கொட்டலசு வளக்குறான். எங்க வூட்லேர்ந்து ஒருத்தி காலேஜி போய் படிச்சிட்டு வந்து அத்த எண்ணிக்கினு கீறா."

சடையன் விடவில்லை. "ஏய், நம்ம போட்டு தெனம் கரையேறிடுது, கொட்டலசு ஒட்டாது. கப்பல்காரனுக்குத்தான்டி அந்தப் பேஜாரு. பொண்ணு டாக்டர் ஆவப்போது, வாய மூடு."

"ஊசி போடற டாக்டரா?"

"எண்ற டாக்டரு."

ரஞ்சிதா சிரிக்கவில்லை. மண்டியிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நிச்சயம் வந்துடும்ல மேடம்?" என்றாள். வந்துவிடும் என்றேன். உன்னை வைத்துத்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. உன் பழைய படத்தைப் பார்த்து, "இவ்வளவு ஒல்லியாவா இருந்தா?" என்று வருத்தப்படுகிறார்.

எப்போது பேசலாம் என்று ஒரு வரி போடு.

உன்
ருக்கு


பிரஸ்ஸல்ஸ்
28 பிப்ரவரி 2026

என் ருக்கு,

இதை நேரில், உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். முடியாததால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

இரண்டாம் கட்டத்தில் கல்லூரி இல்லை.

விண்ணப்பம் கேட்டு வந்திருக்கும் இந்த அழைப்பில் ஐரோப்பாவுக்கு வெளியே பணம் போகாது. அதை நான் மாற்ற முடியாது. நீ பிறகு இணையத்தில் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு என்மேல் வருத்தப்படக்கூடாது என்பதற்காக மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். பணம் வாங்காமல் வெளியார் ஒரு பங்காளியாக இருக்கலாம், அவர்கள் இன்றியமையாதவர்கள் என்று நாங்கள் காரணம் எழுதினால். பெயர் இருந்திருக்கும். உங்கள் ஊரில் வேறு யாரிடமாவது பணம் கேட்க அந்தப் பெயர் போதுமாகவும் இருந்திருக்கும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ருக்கு, உண்மையாகவே நீங்கள் இன்றியமையாதவர்கள் இல்லையே. தகட்டைத் தொங்கவிட ஒரு கடல் வேண்டும், அது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் தீவுகளில் அது கிடைக்கிறது. பொய்யான காரணம் எழுதி, விண்ணப்பத்தின் மதிப்பெண் குறைந்து, எல்லோர் உழைப்பும் வீணாவதை நீயே விரும்பமாட்டாய்.

உன்னை நான் அறிவேன். நீ பிறவி ஆசிரியை. இந்த விண்ணப்ப உலகம், இந்த ஓட்டம், இதெல்லாம் உன் இயல்புக்கு ஒத்துவருவதே இல்லை. ஒரு வகையில் உன்னை விடுவித்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். அந்த மீனவப் பெண் இளையவள், வேறு வழி பார்த்துக்கொள்வாள்.

இன்னொன்று. முன்னாள் பங்காளிகளை எங்களோடு போட்டியிடும் குழுக்கள் இழுத்துக்கொள்ளும் என்று ஆன்ட்வெர்ப் வக்கீல்களுக்குப் பயம். ஏப்ரல் 15, விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து அதுவரை உங்களோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று, விண்ணப்பம் எழுதும் குழுவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உன் அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து வருவது தானாகவே தள்ளிவிடப்படும். நம் கடிதங்களும் அதில் அடக்கமா என்று கேட்டேன். அடக்கம் என்றார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று உனக்குத் தெரியும். அதுவரை நீ எழுதினாலும் பிரிக்கமாட்டேன். என் மேசைமேல், விளக்கடியில், பத்திரமாக இருக்கும். பிறகு ஒரு நாள் காப்பி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பேன், திட்டினால் திட்டு வாங்கிக்கொள்வேன்.

அம்மாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் அண்ணா கிருஷ்ணபிரசாதிடம் சொல், அவன் என்னைக் கூப்பிடுவான். நீ அவருக்குச் செய்வதற்கெல்லாம் நான் என்ன திருப்பிச் செய்வேன்? நல்ல காப்பி மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன், உனக்கும் அம்மாவுக்குமாக. உயர்ந்த ரகம்.

எப்போதும் உன்
ஹம்ஸி


செங்கல்பட்டு
20 மார்ச் 2026

ஹம்சினி,

காப்பி மெஷின் வந்தது. அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல டிகாஷன் எங்கடி எறங்கும்?" என்றார். பெட்டியோடு அலமாரிமேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

தாளாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பலகைய இப்ப கழட்ட வேணாம் மேடம். அட்மிஷன் முடியட்டும்" என்றார். என் ஆய்வக அறையை ஜூனிலிருந்து கணினி வகுப்புக்குக் கொடுக்கிறார்கள். மீன் தொட்டியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "மேடம், அத இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்றார்.

ரஞ்சிதாவிடம் சொல்லக் கோவளம் போனேன். படகுகளுக்கு நடுவில் நின்றபடி கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அழவில்லை. தூரத்திலிருந்தே சாந்தாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னா, எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டாள். கேட்ட கையோடு கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் ரஞ்சிதா கேட்டாள். "அந்த டிசம்பர் படத்த அவங்க இன்னும் வெச்சிக்கினு கீறாங்களா மேடம்?"

இனிமேல் சொல்லலாம். நீ வெட்டி எறிந்தாயே, பக்கத்தில் இருந்த தகடு, அது பூச்சே பூசாத தகடு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று சும்மா தொங்கும். நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததுதான். அதுவும் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதை நீ பார்த்தாய். ஏன் என்று கேட்கவில்லை, எடுப்பாக இல்லை என்று வெட்டினாய்.

ஏன் என்று சொல்கிறேன். தகடுகளைக் கட்டிய கையோடு, டிசம்பர் மழையில் முட்டுக்காட்டு முகத்துவாரம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு திறந்தது. உப்பங்கழியில் தேங்கியிருந்த வெள்ளமெல்லாம் கோவளத்துப் பக்கம் இறங்கி, வாரக்கணக்கில் நம் மிதவையைச் சுற்றி நல்ல தண்ணீர். கொட்டலசுக்கு உப்பு வேண்டும். குஞ்சு ஒட்டுவதற்கு முன்பே செத்துப்போயிற்று. பூசியது, பூசாதது, கயிறு, மிதவை, எல்லாமே சுத்தம். கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். மழைக்குத் தட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் கட்டிய தகடுகளை நேற்று தூக்கினோம். முகத்துவாரம் அடைத்துக்கொண்டுவிட்டது, கடல் பழைய உப்புக்கு வந்துவிட்டது. சடையன் சுரண்டிக்கொண்டே, "பூசினதுல பூசாததவிட ஜாஸ்தி புட்சிருக்கு டீச்சர். அதுக்கு இந்த வர்ணம் நாஸ்தா போல கீது" என்றான். உங்கள் பூச்சு எங்கள் கடலில் வேலை செய்யவில்லை. ஸ்பெயினிலும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும். அதற்குள் ஆலைக்கு இடம் வாங்கியிருப்பார்கள், பொறுப்பாளர் யார் என்று தேடுவார்கள், படத்தை எடுத்தது யார், வெட்டியது யார் என்று. உன் பெயர் இருக்கும். எங்கள் பெயரைத்தான் நீயே எடுத்துவிட்டாயே.

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதே. இதை ஜனவரியிலேயே அலுவலக மின்னஞ்சலில் எல்லோருக்கும் போகும்படி எழுதியிருக்கலாம். பிப்ரவரிக் கடிதத்தில் எழுதியிருக்கலாம். நீ பேசவில்லை என்பது ஒரு சாக்குத்தான். எழுதினால் படம் போகும், படம் போனால் இரண்டாம் கட்டம் போகும், அதோடு என் அறையும் ரஞ்சிதாவின் பதிவும் போகும் என்று பயந்தேன். பூசாத தகடுகளின் கணக்கை நீ கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை. நாம் இருவரும் சேர்ந்து அந்தப் பொய்க்குள் இருப்பதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். உன்னைத் தனியாக உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்கத்தான் என்னைத் தயார்செய்துகொள்ளவில்லை. அதையும் நீயே செய்துகொடுத்தாய், விடுவித்திருக்கிறேன் என்று எழுதி.

ரஞ்சிதா, "என் போன்லேர்ந்து ஆன்ட்வெர்ப்புக்கு ஒரு மெயில் போட்றட்டா மேடம்? எனக்கு மனசு கேக்கல" என்றாள். வேண்டாம், நான் எழுதிவிட்டேன் என்றேன். நம்பினாள். அவளிடம் அன்று சொன்னது இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உண்மையாகிவிடும். அவளுக்குச் சென்னையில் ஓர் இறால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டதும், "அங்கயும் எண்றதுதானா மேடம்?" என்றாள்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்று மாலையே உன்னிடம் சொல்லிவிடுவார். போன ஞாயிறு சொட்டு மருந்து போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். போனில் நீ, "ருக்கு எப்படி இருக்கா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "இதோ இருக்கா, பேசறியா?" என்றார். நீ, வேண்டாம்மா, ஏப்ரலுக்கு அப்புறம் என்றாய். நான் எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்தேன். கிருஷ்ணபிரசாத் எண்ணும் என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு அவசரம் என்றால் மட்டும்தானே கூப்பிடச் சொன்னாய்? அவருக்கு ஓர் அவசரமும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார்.

இப்படி ஒரு புத்தி எனக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சில நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும், ரயில்வே கேட்டில் நிற்கும்போதும். வெட்கமாக இருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உன் எழுத்தில் 'இன்றியமையாதவர்கள் இல்லையே' என்ற வரியை ஒருமுறை படித்துக்கொண்டால் போதும், எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போகிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம், அது நடக்கும். உனக்கு இனி எழுதமாட்டேன்.

நீ ஏப்ரல் 15 என்றாய். அன்றுதான் இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இந்தக் கடிதத்தைத் தலைமை அஞ்சலகத்தில், சீக்கிரம் போய்ச்சேரும் தபாலில் போடுகிறேன். ஏப்ரல் முதல் வாரமே உன் மேசைக்கு வந்துவிடும். விளக்கடியில், உன் கை எட்டும் தூரத்தில், நீ விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருத்தி அனுப்பி முடிக்கும்வரை பிரிக்கப்படாமல் இருக்கும்.

நீ சொன்ன சொல் தவறாதவள்.

ருக்மிணி